பழைய கணினி சொல்லும் சாட்சி

கணினியில் புதிய இயங்குதளம் நிறுவ நினைப்பவர், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தில் இருந்தபடியே ஓர் ஐஎஸ்ஓ கோப்பைத் தரவிறக்கி, ரூஃபஸ் போன்ற ஒரு மென்பொருளைக் கொண்டு பென்டிரைவில் எழுதுகிறார். கோப்பு வழியில் கெட்டுவிடவில்லை, யாரும் அதில் கைவைக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ள எஸ்எச்ஏ-256 என்ற கணக்கைப் போட்டுப் பார்ப்பார். 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரி திரையில் வரும். உருவாக்கியவர்கள் வெளியிட்டிருக்கும் வரியோடு அது ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்தினால் கோப்பு சரியானது என்று கொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டு விடையைக் காட்டுவது யார்? பழைய இயங்குதளம். அதில் வைரஸ் புகுந்துவிட்டது என்ற ஐயத்தால்தான் பலர் அதை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ முனைகிறார்கள். ஆக, நம்பத் தகாதது என்று ஒதுக்கப்பட்டதே, தன் இடத்துக்கு வரப்போவது நம்பத் தகுந்தது என்று சாட்சி சொல்கிறது. இந்தச் சாட்சிக்கு மதிப்பு உண்டா? ஒரு சமயத்தில் வளர்ந்து இன்னொன்றை ஆராயும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய கேள்விதான் இது. அவர் ஆராய்வதும் பழைய சமயம் பழக்கிய மனத்தைக் கொண்டுதான்.

அறிவு பெறும் வழியை நம் மரபு அளவை என்கிறது; இந்தக் கேள்விக்கு அளவை ஆராய்ச்சி என்று பெயர். மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கும் மணிமேகலைக்கு முதலில் பதில் சொல்கிற அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். பிற்காலச் சைவ சித்தாந்தம் அவற்றைக் காட்சி, கருதல், உரை என மூன்றில் அடக்கியது. எத்தனை என்பது பெரிய சிக்கல் அல்ல. பொருள்களை அளவை நிறுவுகிறது என்றால் அளவையை நிறுவுவது எது என்பதே சிக்கல். இதை மிகக் கூர்மையாகக் கேட்டவர் பௌத்தரான நாகார்ஜுனர். ஓர் அளவையை இன்னோர் அளவை நிறுவுகிறது என்றால் அதை நிறுவ மூன்றாவது வேண்டும், அந்த வரிசைக்கு முடிவே இல்லை. எதுவும் நிறுவாமலே அளவை நிற்கும் என்றால் பொருள்கள் மட்டும் ஏன் அப்படி நிற்கக் கூடாது என்று விக்கிரகவியாவர்த்தனி என்ற நூலில் நியாய மரபினரான நையாயிகர்களை மடக்கினார்.

பென்டிரைவிலிருந்து கணினி எழும் முறையைப் பார்த்தால் நாகார்ஜுனரின் கேள்வி கண்முன்னே நிற்கும். பழைய பயாஸ் முறையில், வட்டின் முதல் 512 பைட்டைக் கணினி படிக்கும். கடைசி இரண்டு பைட்டும் 55, ஏஏ என்று இருந்தால் போதும். எழுதியவர் யார், நோக்கம் என்ன என்று எதுவும் கேட்காமல் தன்னை அந்த நிரலிடம் ஒப்படைத்துவிடும். இது ஆபத்து என்பதால்தான் செக்யூர் பூட் வந்தது. அதில், துவக்க நிரலில் ஒரு மின் கையொப்பம் இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் சாவி மதர்போர்டுக்குள் முன்பே பதிந்திருக்கும். லினக்ஸ் பதிப்புகள் பலவற்றின் முதல் துவக்க நிரலில் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பமே இருக்கிறது. சாவியை நம்பலாமா என்றால் அதைப் பதித்த நிறுவனத்தை நம்ப வேண்டும், பிறகு சிப் செய்தவரை, பிறகு சிப்பை வடிவமைக்க உதவிய மென்பொருளை. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், டூரிங் விருது உரையாக 1984இல் அச்சான கட்டுரையில் இதன் எல்லையையே காட்டிவிட்டார். மூல நிரலில் எந்தத் தடயமும் இல்லாமல், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள்ளேயே ஒரு கள்ள வாசலை ஒளித்துவைக்கலாம். அந்தக் கம்பைலரைக் கொண்டு புதுக் கம்பைலரை உருவாக்கினால் கள்ள வாசலும் தன்னைத் தானே அதில் எழுதிக்கொள்ளும். மூல நிரலை வரிவரியாகப் படித்தவரும் ஏமாறுவார்.

இங்கிருந்து எளிதாக ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்: அடி எங்கும் இல்லை, ஆகவே சரிபார்ப்பதெல்லாம் வெறும் சடங்கு, எல்லா நம்பிக்கையும் ஒன்றுதான். ஐயவாதிக்கும் இந்த முடிவு பிடிக்கும், கேள்வி கேட்காமல் நம்பச் சொல்பவருக்கும் பிடிக்கும். நான் இதை ஏற்கவில்லை. நம்பிக்கைக்குக் கடைசி அடித்தளம் வேண்டும் என்ற எதிர்பார்ப்பே பிழை. நியாய சூத்திரம் தராசை வைத்து இதற்குப் பதில் சொல்கிறது. பொன்னை நிறுக்கும்போது தராசு அளவை. அந்தத் தராசின் மேல் ஐயம் வந்தால், எடை தெரிந்த வேறொரு பொன்னை வைத்து அதைச் சோதிக்கலாம், அப்போது தராசே அளக்கப்படும் பொருள். எல்லாத் தராசையும் ஒரே நேரத்தில் சோதிக்க முடியாது. ஆனால் சோதிக்கவே முடியாத தராசு என்று ஒன்றும் இல்லை. தாம்ப்சனின் புதிருக்குக் கணினி அறிஞர் டேவிட் வீலர் 2005இல் முன்வைத்த தீர்வும் இந்த வழியில்தான் போகிறது. ஐயத்துக்குரிய கம்பைலரின் மூல நிரலை, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு கம்பைலரால் மாற்றி, கிடைத்ததைக் கொண்டு அதே மூல நிரலை மறுபடி மாற்றிப் பார்த்தால், முடிவு ஐயத்துக்குரிய கம்பைலரோடு பைட்டுக்குப் பைட்டு பொருந்த வேண்டும். ஒரே திருட்டு இரண்டிலும் ஒரே மாதிரி ஒளிந்திருந்தால் ஒழிய, பொய் வெளிப்பட்டுவிடும். இரண்டாவது கம்பைலர் புனிதமானதாக இருக்கத் தேவையில்லை, முதலாவதைச் சாராததாக இருந்தால் போதும்.

பென்டிரைவ் எழுதுபவருக்கும் இது பொருந்தும். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், கள்ள வாசல் வைத்த ஐஎஸ்ஓ கோப்புக்கு மக்களைத் திருப்பிவிட்டார்கள். கோப்பும் அதைச் சரிபார்க்கும் எண்ணும் ஒரே தளத்தில் இருந்தால், புகுந்தவரால் இரண்டையும் மாற்ற முடியும். அங்கே இரண்டு சாட்சி இருப்பதாகத் தோன்றினாலும் இருப்பது ஒன்றுதான். வேறொரு கணினியில் கணக்கைப் போடுவது, வெளியிட்டவரின் கையொப்பச் சாவியை வேறு வழியில் பெறுவது இவையெல்லாம் இதனால்தான். இல்லை, அடித்தளம்வரை போயே தீருவோம் என்று முயல்கிறவர்களும் உண்டு. கீக்ஸ் (Guix) என்ற மென்பொருள் திட்டத்தார் 2023இல், 357 பைட் அளவுள்ள ஒரு சிறு விதையிலிருந்து தொடங்கி, மற்ற கருவிகளை மூல நிரலிலிருந்தே படிப்படியாகக் கட்டிக் காட்டினார்கள். ஒரு மனிதர் உட்கார்ந்து முழுவதும் வாசித்துவிடக்கூடிய அளவு அது. மகத்தான உழைப்பு. ஆனாலும் அந்த 357 பைட்டும் ஏதோ ஒரு சிப்பில்தானே ஓட வேண்டும்? அவர்கள் சாதித்தது அடியைத் தொட்டது அல்ல, பிறர் சோதிக்க வேண்டியதைச் சிறிதாக்கித் தந்தது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சார்பற்ற சாட்சிகளைத் தேடிக்கொண்டே இருந்தால் ஒருவர் எப்போதுதான் நம்பத் தொடங்குவது? மீமாம்சகர்கள் சொல்வதைக் கேட்க வேண்டிய இடம் இது. அறிவு தோன்றும்போதே தன்னளவில் ஏற்கத்தக்கது, அதை வீழ்த்தும் காரணம் வரும்வரை சான்று கேட்கத் தேவையில்லை என்றார் குமாரிலர். நையாயிகரான உதயணரும், ஐயப்படுகிறவரின் செயலே அவர் ஐயத்தைப் பொய்யாக்கும் இடத்தில் ஐயம் நின்றுவிடும் என்று எல்லை வகுத்தார். ஆகவே ஐயத்துக்கும் காரணம் வேண்டும். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளருக்கு அப்படி ஒரு காரணம் கிடைத்தது. தொலைக்கணினியில் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகப் பிடித்தது. விடாமல் துருவிப் பார்த்தபோது, எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளுக்குள் ஒரு கள்ள வாசல் இருப்பது தெரிந்தது. எல்லாவற்றையும் அவர் ஐயுறவில்லை. பொருந்தாத ஒன்றைக் கண்டதும் அதைக் கடந்துபோக மறுத்தார்.

அந்தக் கள்ள வாசலை வைத்தது ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒரு பராமரிப்பாளர். அதற்கு முன் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உருப்படியான திருத்தங்களைச் செய்துகொடுத்து அந்த இடத்துக்கு வந்தவர். சமயச் சிந்தனை இதை ஆழமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனெனில் கண்ணுக்கு எட்டாதவை பற்றி வேதம் சொல்வதை ஏன் நம்ப வேண்டும் என்றால், நியாய சூத்திரம் ஆயுர்வேதத்தைக் காட்டுகிறது: மருந்து பற்றி ஆப்தர்கள், அதாவது நம்பத்தக்கவர்கள், சொன்னது பலித்தது, ஆகவே அதே ஆப்தர்கள் சொல்லும் மற்றதும் நம்பத்தக்கது. சோதிக்கக்கூடியதில் நாணயமாக இருந்தவர் சோதிக்க முடியாததிலும் அப்படியே இருப்பார் என்பது இங்கே கருதல். எக்ஸ்இசட் இந்தக் கருதலுக்கு நேர் எதிர்ச்சான்று. ஆப்தர் என்பவர் முனிவராகவும் இருக்கலாம், மிலேச்சராகவும் இருக்கலாம் என்று நியாய சூத்திரத்தின் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் எழுதியது பரந்த மனம்தான்; ஆனால் யாராக இருந்தாலும், அவரைச் சாராதவர் அவர் சொல்லைச் சோதிக்க வழி இருக்க வேண்டும்.

சமயங்கள் அந்த வழியைத் திறந்துதானே வைத்திருந்தன, மாற்றார் வாதத்தை நூலுக்குள்ளேயே எழுதி மறுத்தார்களே என்று கேட்கலாம். உண்மைதான். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற மதங்களை ஆராயும் பரபக்கத்தை முதலில் வைத்து, தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்தைப் பின்னால்தான் வைத்தார். அது பெரிய அறிவு நாணயம். ஆனால் பரபக்கத்தில் பேசும் பௌத்தர் அருணந்தியார் எழுதிய பௌத்தர். கோப்பும் எண்ணும் ஒரே தளத்தில் இருக்கும் நிலை அது. நாகார்ஜுனரையும் தர்மகீர்த்தியையும் அவர்கள் நூல்களிலேயே படித்துவிட்டு, பிறகு சுபக்கத்துக்குத் திரும்புகிற சித்தாந்திக்கு இரண்டாவது சாட்சி கிடைத்துவிடுகிறது.