மறுப்பும் ஒரு குரலே

பெண்களின் எழுத்தைப் பெண்களே பதிப்பிக்க வேண்டும் என்பதில் எமக்குள் பெரிய விவாதம் இல்லை. ஆனால் எழுதிய பெண்ணே 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் பெண்ணியப் பதிப்பாளர் என்ன செய்வது? குட்மேய்ஸிலும் இல்ஃபோர்டிலும் எமது வீட்டு அலுமாரிகளில் சிவரமணியின் கவிதைகள் இருக்கும்வரை இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க எம்மால் முடியாது.

யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் 'சொல்லாத சேதிகள்' தொகுப்பை வெளியிட்டது. அதில் எழுதிய 10 பெண்களில் சிவரமணியும் ஒருவர். போருக்கும் ஆணாதிக்கத்துக்கும் நடுவே பெண்கள் தமக்கெனப் பேச ஓர் இடம் வேண்டியிருந்தது. அத்தொகுப்பு அந்த இடத்தைத் தந்தது. 1991 மே 19இல் சிவரமணி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குமுன் கைவசமிருந்த கவிதைகளை எரித்தார். எஞ்சியவற்றையும் அழித்துவிடும்படி எழுதிவைத்தார். ஆயினும் பிறரிடம் தப்பியிருந்த கவிதைகள் பின்னர் நூலாயின.

இது சரியா? பதிப்பித்தோர் பக்கத்து நியாயம் வலிமையானது. மறக்கப்பட்ட பெண்களை மீட்பதே பெண்ணியப் பதிப்பின் பெருமை. 1973இல் இதே லண்டனில் தோன்றிய விராகோ, 1978 முதல் அத்தகைய பெண்களின் நாவல்களை மறுபதிப்புச் செய்தே பெயர்பெற்றது. ஆனால் அந்த எழுத்தாளர்களை மறந்தது உலகம். சிவரமணியோ தாமே அழித்தார். 'சமூகத்துக்குத் தேவை' என்று சொல்லி ஒரு பெண்ணின் விருப்பத்தைப் புறந்தள்ளுவது எமக்குப் பழகிப்போன வாதமல்லவா? குடும்பமும் இயக்கங்களும் அதைத்தானே சொல்லிவந்தன?

எழுதியவரின் நிபந்தனைக்குப் பதிப்பகம் இணங்கிய உதாரணமும் உண்டு. ஊர்வசி புட்டாலியாவும் ரீத்து மேனனும் 1984இல் டில்லியில் தொடங்கிய 'காளி ஃபோர் விமன்', ராஜஸ்தான் கிராமப் பெண்கள் 75 பேர் சேர்ந்து ஆக்கிய, உடலைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டது. நிர்வாணப் படங்களைக் கிராமத்தவர் ஏற்காதபோது, உடையணிந்த உருவத்தின் மடிப்பைத் தூக்கினால் மட்டும் உடல் தெரியும்படி அப்பெண்கள் மாற்றியமைத்தனர். கிராமங்களில் அடக்கவிலைக்கு மேல் விற்கக்கூடாது என்றும் கேட்டனர். பதிப்பகம் ஒப்புக்கொண்டது. அப்பெண்கள் எதிரே இருந்து பேசினார்கள். இறந்தவருடன் அப்படிப் பேச முடியாது. அதனாலேயே அவர் விட்டுச்சென்ற சொல்லுக்குக் கனம் கூடுகிறது.

எனவே எமது நிலைப்பாடு இது: சிவரமணி தாமே அச்சுக்குக் கொடுத்தவை வாசகரிடம் வந்துசேர்ந்துவிட்டன, அவற்றை மீண்டும் பதிப்பிக்கலாம். அவர் கொடுக்காதவற்றில் கைவைக்க, எவ்வளவு நல்ல நோக்கம் இருந்தாலும், எமக்கு உரிமையில்லை. எந்தப் பதிப்பும் அவரது மறுப்பை முதற்பக்கத்திலேயே சொல்லவும் வேண்டும்.

இதனால் சில நல்ல கவிதைகளை நாம் இழக்கலாம். ஆனால் நாளை ஒரு பெண் தன் கையெழுத்துப் பிரதியை எம்மை நம்பித் தருவதற்கு இதைவிட வேறு உத்தரவாதம் எம்மிடம் இல்லை.