மூடியும் நீதியும்

மலசலகூட இருக்கையின் மூடி படாரென்று விழுந்து குழந்தையின் விரலை நசுக்காதிருக்க, கீலுக்குள் தடித்த மசகை அடைத்து, அதை ஓசையின்றி மெல்லத் தாழச் செய்கின்றனர். இதை ஆடம்பரமென நாம் இகழோம். எளியோரை எண்ணிச் செய்வதே அறிவு.

ஆனால், அவ்வெண்ணம் வீட்டுச் சுவரோடு நின்றுவிடலாமா? கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரங்களில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. நிலமோ மணல், நிலத்தடி நீரோ ஆழமற்றது. ஒரு வளவின் மலக்குழிக் கசிவு அடுத்த வளவின் கிணற்றைச் சேர நெடுந்தூரமில்லை. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை கிணறுகளில் கடல்நீரையும் கழிவையும் ஒருங்கே நிரப்பிற்று.

கசிவு ஓசை எழுப்புவதில்லை. விரலைக் காக்கும் மூடியைத் தனிமனிதன் வாங்கலாம். கிணற்றைக் காக்கும் குழியை ஊர் கூடியே அமைக்கவேண்டும். அயலான் கிணற்றுக்கு அஞ்சாத தூய்மை, தூய்மையாகுமா?