நல்லவருக்கும் துணை வேண்டும்

நல்லவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் தயாராக வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு: எந்த நிலையிலும் குணம் மாறாதவர். நேர்மையானவர் பசித்தாலும் திருட மாட்டார். இரக்கமுள்ளவர் எத்தனை வேலை இருந்தாலும் விழுந்து கிடப்பவரைத் தாண்டிப் போக மாட்டார். அன்பும் துணிவும் நிதானமும் நீதியுணர்வும் ஒருவரிடம் வேரூன்றிவிட்டால் அவர் வாழ்வு நல்வாழ்வாகும் என்பதைப் பல அற மரபுகள் சொல்லிவந்திருக்கின்றன. ஏதென்சில் லைசியம் என்ற கல்விக்கூடத்தை நடத்திய அரிஸ்டாட்டில் அதை ஒரு முழுமையான சிந்தனையாக வகுத்தார். இந்தச் செயல் சரியா என்று கேட்பதற்கு முன், எப்படிப்பட்ட மனிதராக வேண்டும் என்று கேட்பது அவர் வழி. கடமை, விளைவு என்ற இரண்டையே நெடுங்காலம் சுற்றிவந்த மேலைநாட்டு அறவியல், 1958இல் எலிசபெத் ஆன்ஸ்கம் எழுதிய கட்டுரைக்குப் பின் மீண்டும் அந்தக் கேள்வியின் பக்கம் திரும்பியது.

அது திரும்பிய சில ஆண்டுகளிலேயே, குணம் என்ற நம்பிக்கையை உலுக்கும் சோதனைகளும் வெளிவந்தன.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களிடம் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் நடத்திய ஆய்வு 1973இல் வெளியானது. போதகர் பணிக்குப் படித்துக்கொண்டிருந்த 40 பேர். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய்ச் சிற்றுரை ஆற்ற வேண்டும். சிலருக்குத் தலைப்பு வேலைவாய்ப்பு. சிலருக்கு, அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. வழியில் ஒருவர் வாசற்படியில் தலை கவிழ்ந்து, இருமி முனகிக்கொண்டிருப்பார்; அவர் ஆய்வாளர்கள் நிறுத்திவைத்த ஆள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதத்தினர் உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம்தான். எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. சமாரியன் கதையைச் சொல்லப் போன சிலர் அந்த மனிதரைத் தாண்டிக் கால் வைத்தே போனார்கள்.

இத்தகைய முடிவுகளை வைத்துக்கொண்டு கில்பர்ட் ஹார்மன், ஜான் டோரிஸ் போன்ற தத்துவவாதிகள் ஒரு கடுமையான வாதத்தை எழுப்பினார்கள். மனிதரின் நடத்தையைப் பெரிதும் தீர்மானிப்பது சூழல்; எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிற்கும் குணம் என்று நாம் கற்பனை செய்வது பெரும்பாலோரிடம் இல்லை. அப்படியானால் குணத்தை வளர்த்து நல்வாழ்வை அடையச் சொல்லும் அறிவுரைக்கு என்ன பொருள்?

இதற்கு எளிதாகத் தப்பிக்கும் பதில் ஒன்று இருக்கிறது. உண்மையான நற்குணம் அரிது, அந்த மாணவர்களுக்கு அது இன்னும் வாய்க்கவில்லை என்று சொல்லிவிடலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நூற்றில் ஒருவருக்கும் கைகூடாத பண்பை மற்றவர்களுக்கு வழிகாட்டியாக நிறுத்துவதில் பயன் குறைவு.

தாண்டிப் போனவர்களைச் சற்று நெருங்கிப் பார்ப்பது மேல். உதவாமல் வந்து சேர்ந்த பலர் பதற்றத்தோடு காணப்பட்டதை ஆய்வாளர்களே குறித்திருக்கிறார்கள். கல்நெஞ்சக்காரருக்குப் பதற்றம் வராது. அங்கே காத்திருப்பவருக்குக் கொடுத்த சொல், இங்கே முனகுபவரின் தேவை என இரண்டும் இழுத்தபோது, முன்னதன் பிடி இறுகியது. தவறியது இரக்கம் என்பதைவிட, எது முந்த வேண்டும் என்று அந்த நொடியில் எடைபோடும் விவேகம். அரிஸ்டாட்டில் எல்லாப் பண்புக்கும் தலையாக வைத்ததும் இந்த விவேகத்தைத்தான். அதற்கு நிதானம் வேண்டும். அவசரம் முதலில் பறிப்பது நிதானத்தைத்தான்.

இன்னொரு சோதனை இதைவிடப் புகழ்பெற்றது. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் தொடங்கியது. அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும்படி ஆய்வாளர் பணிக்க, 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். (அதிர்ச்சி பொய்யானது, கொடுத்தவர்களுக்கு அது தெரியாது.) மனித இயல்பின் கொடுமைக்குச் சான்றாக இந்த எண்ணைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அதே சோதனையின் மற்றொரு வடிவம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதில் உடன் அமர்ந்த இருவர் நடுவிலேயே எழுந்து மறுத்துவிடுவார்கள். அப்போது கடைசிவரை போனவர்கள் 40 பேரில் நால்வர் மட்டுமே.

மறுக்கும் வலிமை பலரிடமும் இருந்திருக்கிறது. அது எழுந்து நிற்க ஒரு துணை தேவைப்பட்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் இந்தச் சோதனைகள் அரிஸ்டாட்டிலைத் தோற்கடிக்கவில்லை. அவருடைய நிக்கோமாக்கிய அறவியலில் பத்துப் பகுதிகள்; அவற்றில் இரண்டு முழுக்க நட்பைப் பற்றியவை. நூல் முடியும்போது பேச்சு சட்டத்துக்கும் அரசியலுக்கும் நகர்கிறது. திருக்குறளும் இதில் உடன்படுகிறது. பெரியாரைத் துணைக்கோடலுக்கு ஓர் அதிகாரம், சிற்றினம் சேராமைக்கு ஓர் அதிகாரம், நட்பை ஆராய்ந்து கொள்வதற்குத் தனியே ஓர் அதிகாரம். குணம் உள்ளுக்குள் பூட்டிவைத்த சொத்து என்று இவ்விரு நூல்களும் நினைத்திருந்தால், கூட்டாளிகளைத் தேர்வதற்கு இத்தனை இடம் ஒதுக்கியிருக்காது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சின் மலைப்பகுதியில் இருந்த லெ ஷாம்பொன் என்ற சிற்றூரும் அதன் சுற்றுப்புறமும் ஆயிரக்கணக்கான அகதிகளை ஒளித்துக் காப்பாற்றின. அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயும் அவர் மனைவி மக்தாவும் அதற்கு முன்னின்றார்கள். ஆனால் பண்ணை வீடுகளில் கதவைத் திறந்தவர்கள் சாதாரணக் குடியானவர்கள். மத ஒடுக்குமுறைக்கு ஆளான தம் முன்னோரின் நினைவு அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது; பக்கத்து வீட்டாரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். பின்னாளில் கேட்டபோது, தாங்கள் பெரிதாக எதுவும் செய்துவிட்டதாக அவர்களில் பலர் கருதவில்லை. இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் 1990இல் சிறப்பித்தது தனிமனிதரை மட்டுமல்ல, அந்த ஊர் மக்களையும்தான்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். துணையும் ஊரும் காலமும் சேர்ந்துதான் குணத்தைத் தாங்குகின்றன என்றால், வழுவியவர் எல்லோரும் சூழல்மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவலாமே? முடியாது. யாரும் மறுத்துக் காட்டாதபோதும் மில்கிராமின் 40 பேரில் 14 பேர் நடுவிலேயே நிறுத்தினார்கள். சூழல் சாய்க்கும்; முழுதாகக் கட்டிப்போடாது. அதோடு, யாரோடு பழகுகிறோம், நாளை எவ்வளவு நெருக்கி நிரப்புகிறோம், யாருடைய கட்டளைக்கு யோசிக்காமல் தலையாட்டிப் பழகியிருக்கிறோம் என்பவற்றில் பெரும்பகுதி அமைதியான நேரத்தில் நாமே தேர்ந்தவை. சோதனை வரும் நொடியில் நம் பிடியில் இருப்பது கொஞ்சம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் இருப்பது நிறைய.

எல்லோருக்கும் அந்தத் தேர்வு ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பது மறுப்பின் வலுவான பகுதி. அரிஸ்டாட்டிலே அதில் சறுக்கினார். நல்வாழ்வுக்கு ஓய்வும் உரிமையும் வேண்டும் என்று கண்டவர், அடிமைகளை அந்த வாழ்வுக்கு வெளியே நிறுத்தினார். அவர் கண்டதை ஏற்று, அவர் நிறுத்திய வேலியைத் தள்ளினால் கிடைக்கும் முடிவு கனமானது: ஒருவருடைய சூழலை அமைக்கும் அதிகாரம் உள்ளவர், அவருடைய நற்குணத்துக்கும் ஓரளவு பொறுப்பாளி.

சாலை விபத்தில் கிடப்பவரைத் தூக்கப் போனால் போலீஸ் விசாரணை, கோர்ட் அலைச்சல் என்ற அச்சம் இந்தியாவில் நெடுங்காலம் பலரைத் தடுத்தது. இரக்கமில்லாத மக்கள் என்று அவர்களைத் திட்டுவது எளிதாக இருந்தது. உதவுவோரைப் பெயர் சொல்லக்கூடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் சட்ட வலிமை தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் அவர்களுக்குப் பாதுகாப்பளித்தது. சட்டம் யாருக்கும் இரக்கத்தைக் கொடுத்துவிடாது. இருக்கிற இரக்கத்துக்குக் குறுக்கே கிடந்த கல்லை அகற்றலாம். பத்து நிமிடத்தில் பொருளைச் சேர்க்கும்படி இளைஞனை விரட்டும் நிறுவனத்துக்கும், மதிப்பெண் தவிர வேறெதற்கும் நேரம் விடாத பள்ளிக்கும், அப்படியொரு கல்லைக் குறுக்கே போடுகிறோமா என்ற கேள்வி பொருந்தும்.

ஆகவே நல்வாழ்வைத் தேடுபவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. அந்த வாசற்படியில் நான் நின்றிருப்பேனா என்பது ஒன்று. அதற்கு எல்லோரும் ஆம் என்றே சொல்வோம். அதனால் அந்தப் பதிலுக்கு மதிப்புக் குறைவு. என்னால் விரட்டப்பட்டு யார் அந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள் என்பது மற்றொன்று. வீட்டிலோ அலுவலகத்திலோ நாலு பேருக்காவது வேலை சொல்லும் இடத்தில் இருப்பவர் முதலில் பதில் தேட வேண்டியது இதற்குத்தான்.