முதலில் அனுப்பியவன்

அண்ணன் மகள் படிக்கிற கல்லூரியில் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவள் படம் வந்தது. முகத்தை மட்டும் வெட்டி வேற உடம்பில் ஒட்டி, கீழே நம்ம சாதிப் பேரைச் சொல்லி வசவு. கை மாறிக் கை மாறி அவளுக்கே வந்து சேர்ந்தது. காவல் நிலையம் போனோம். 'எந்தத் தெரு?' என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம், கண்டுபிடிக்க முடியாது, அதெல்லாம் பூட்டுப் போட்ட செய்தி என்றார்கள். வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "சித்தப்பா, மொதல்ல அனுப்புனவன் எவன்னு தெரிஞ்சா போதும்."

அவள் கேட்டது நியாயம். அன்றைக்கு அந்தப் பூட்டை உடைக்கச் சொல்லியிருந்தால் நானே சுத்தியல் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

இந்தக் கேள்வி 2018இலேயே சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. இணையத்தில் நடக்கும் அவதூறைத் தடுக்க ஒவ்வொரு கணக்கையும் ஆதாரோடு இணைக்கணும் என்று வழக்கு. ஆதார் கோரிக்கை நிற்கவில்லை. முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது நின்றது. ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பியவர் அடையாளத்தையும் சேர்த்துவிடலாம் என்றார் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி. மும்பை ஐ.ஐ.டி.யின் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார். 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அதையே விதியாக்கியது. வாட்ஸ்அப் டில்லி உயர்நீதிமன்றம் போனது. (கம்பெனிக்காரனுக்கு நம்ம மேல பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.)

நான் யோசித்தது இதைத்தான். எவன் குற்றம் செய்யப்போகிறான் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் எல்லார் செய்தியிலும் அடையாளம் குத்தியாகணும். சாதி மாறிக் கல்யாணம் பண்ணி ஊரைவிட்டு ஓடின பிள்ளைகள் 'இங்கதான் இருக்கோம்' என்று அனுப்புகிற செய்தியிலும் குத்தணும். நம்ம பையன் ஒருத்தன், அடி விழும்போது செல்போனில் படம் எடுத்து வெளியே விடுகிறான் என்று வையுங்கள். முதலில் அனுப்பியவன் யார்? அடித்தவனா? அந்தப் பையன்தானே.

விதியில் உள்ள பட்டியலைப் படித்துப் பாருங்கள். நாட்டின் பாதுகாப்பு இருக்கிறது, பாலியல் குற்றம் இருக்கிறது, 'பொது ஒழுங்கு' இருக்கிறது. சாதி வசவு பேர் சொல்லி இல்லை. பொது ஒழுங்கு என்ற சொல்லை நமக்குத் தெரியாதா? தேர் இழுக்கக் கேட்டாலும் அது கெட்டுப்போகும், சிலை வைக்கக் கேட்டாலும் கெட்டுப்போகும்.

பூட்டு இருந்தும் உள்ளே வந்தார்கள். 2019இல் பெகாசஸ் உளவு மென்பொருள் உலகம் முழுக்கச் சுமார் 1,400 பேரைக் குறிவைத்தது என்று வாட்ஸ்அப்பே சொன்னது. எச்சரிக்கை வந்தவர்களில் ஆனந்த் டெல்டும்ப்டேவும் ஒருவர். 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளில் அவர் சிறைக்குப் போனார்.

பூட்டைத் தொடாமலே செய்யக்கூடிய வேலையும் உண்டு. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர் என்ற வதந்தியில் மனிதர்களை அடித்துக் கொன்றார்கள், நம்ம திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டி உட்பட. அதற்குப் பிறகுதான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி செய்தார்கள். செத்த பிறகு வந்த புத்தி. ஆனாலும் யார் கடிதத்தையும் பிரிக்கவில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்ப என் படம் போட்டவன் தப்பிச்சுக்குவானா, சித்தப்பா?" என்றாள். குழுவில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பேரும் நம்பரும் திரையிலேயே இருக்கே, அதுக்குச் சாவி எதுக்கு என்று அவளே சொன்னாள். படம் பிடித்து வைத்திருக்கிறாள். அந்தப் பேர்களோடு திங்கட்கிழமை மறுபடி மனு கொடுக்கப் போகிறோம்.