முதுகுச்சுமையும் பற்றின்மையும்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலைக்கும் மெய்ன் மாநிலத்தின் கடாடின் மலைக்கும் இடையே 14 மாநிலங்களைக் கடந்து செல்லும் அப்பலாச்சியன் நெடும்பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுடையது. அதனை ஒரே பயணமாக நடந்து முடிக்கப் பெரும்பாலோருக்கு ஐந்து முதல் ஏழு மாதங்கள் தேவைப்படுவதால், கூடாரம், உறக்கப்பை, சிறு அடுப்பு, சில நாட்களுக்கான உணவு ஆகியவற்றோடு ஒருவருடைய அன்றாட வாழ்க்கை முழுவதும் ஒரு முதுகுப்பைக்குள் அடங்கிவிடுகிறது. தாமே விரும்பி ஏற்கும் இந்தக் குறைவைத் துறவின் ஒரு வகையாகக் கொள்ளலாமா என்பது மெய்யியல் நோக்கில் ஆராயத்தக்க கேள்வியாகும்.

சமணம் அபரிக்கிரகம் என்னும் நோன்பை, அதாவது பொருளைப் பற்றிக்கொள்ளாமையை, இரு நிலைகளில் வைத்தது. துறவி உடைமை அனைத்தையும் விட வேண்டும், இல்லறத்தாரோ தம் உடைமைக்குத் தாமே ஓர் எல்லை வகுத்து அதற்கு மேல் சேர்க்காதிருக்க வேண்டும். நெடும்பாதையில் நடப்பவருடைய நிலை இவற்றுள் பின்னதற்கே நெருக்கமானது. ஆனால் இங்கு எல்லையை வகுப்பது உறுதிமொழியன்று, ஏற்றத்தில் வலிக்கும் முழங்கால். உணவு, நீர், எரிபொருள் நீங்கலாக எஞ்சும் பொருட்களின் நிறையை நடப்போர் அடிப்படை எடை என்பர். அதைக் குறைப்பதற்காகப் பல்துலக்கியின் பிடியை அறுத்தெறிவோரும் உண்டு. எடை குறைந்தால் பற்றும் குறையும் என்று சொல்லிவிட முடியாது. மிக இலேசான கூடாரத்தைப் பெருவிலை கொடுத்து வாங்கி, ஒவ்வொரு கிராமையும் எண்ணிக்கொண்டே நடப்பவரிடம் பற்று இடம் மாறியிருக்கிறதேயன்றி நீங்கவில்லை.

எனவே துறவின் தன்மையைச் சுமையில் தேடுவதைவிட, நடப்பவர் பிறரை எவ்வாறு சார்ந்திருக்கிறார் என்பதில் தேடுவதே பொருத்தம். தம் தேவை அனைத்தையும் தாமே சுமப்பதாக அவர் எண்ணக்கூடும். ஆயினும் அவருடைய ஒரு நாளைக் காலை முதல் மாலை வரை தொடர்ந்து பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது. திசை காட்டும் வெள்ளைப் பட்டைகளை மரங்களில் தீட்டியவர்கள், சரிவுகளில் கற்படிகளை அடுக்கியவர்கள், இரவில் தங்குவதற்கு மூன்று பக்கம் அடைத்த மரக்குடில்களைக் கட்டிப் பேணுபவர்கள் ஆகியோருள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். முன்பின் அறியாதவர்கள் வழியில் உணவளிப்பதும் அங்கு வழக்கம். டிரெயில் மேஜிக் எனப்படும் அந்தக் கொடையில், பெறுபவர் யாரென்று கொடுப்பவர் பெரும்பாலும் கேட்பதில்லை. பௌத்தத் துறவி கலத்தில் இடப்பட்டதைத் தேர்ந்தெடுக்காமல் ஏற்கும் பிண்டபாதமும் இவ்வாறு கேளாமல் கொடுப்பதையும் கேளாமல் பெறுவதையும் பழக்குவதே.

1955இல் 67ஆம் வயதில் இப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்த எம்மா கேட்வுட், தாமே தைத்த துணிப்பையில் ஒரு போர்வையையும், கூடாரத்துக்கு மாற்றாகக் குளியலறைத் திரையையும் மட்டுமே பெரும்பொருட்களாகக் கொண்டு சென்றார். பதினொரு பிள்ளைகளைப் பெற்று, கணவனின் கொடுமையைப் பல்லாண்டு தாங்கிய அவர், அறிமுகமற்ற வீடுகளின் கதவைத் தட்டி இடம் கேட்டார். சிலர் வரவேற்றனர், சிலர் மறுத்தனர். அவருடைய பையின் சிறுமையைவிட, மறுக்கப்படலாம் என்று அறிந்தே கேட்ட துணிவுதான் துறவுக்கு அணுக்கமானது.

இப்பாதையை 1921இல் ஒரு கட்டுரையில் முன்மொழிந்த பென்டன் மெக்காய், நடைவழியோடு நின்றுவிடாமல், பாதையோரத்தில் மக்கள் கூடி வாழும் முகாம்களும் அவர்களுக்கு உணவு விளைவிக்கும் பண்ணைகளும் அமைய வேண்டுமெனத் திட்டமிட்டார். 1937இல் பாதை முழுமையடைந்தபோது பண்ணைகள் உருவாகவில்லை. அதனால் நடப்பவர் இன்றும் சில நாட்களுக்கு ஒருமுறை மலையிறங்கி, ஏதேனும் ஒரு சிற்றூர்க் கடையில் பணம் கொடுத்து உணவு வாங்கவேண்டியிருக்கிறது. துறவியின் வழியிலிருந்து அவருடைய வழி பிரியும் இடம் அந்தக் கடைதான்.