நானும் அவனும்

நம் விமர்சனத்தில் ஒரு வசதியான பழக்கம் உண்டு. விடலைப் பையன் கதை சொல்லும் நாவலைப் பற்றிப் பேச நேர்ந்தால், 'களங்கமற்ற பார்வை' என்ற சொல்லைப் போட்டுவிட்டு மேலே போய்விடுவது. பையன் பார்க்கிறான், பெரியவர்களின் உலகம் அழுக்காக இருக்கிறது, அந்த அழுக்கு அவன் மேலும் படிவதுதான் வளர்ச்சி. இந்தச் சூத்திரத்தால் யாருக்கோ விடுதலை கிடைக்கிறது. பையனுக்கு அல்ல, அவனை எழுதுகிற பெரியவனுக்கு. நடுவயதில் உட்கார்ந்து தன் பதினேழு வயதுக்கு 'நான்' என்ற சொல்லைக் கடன் கொடுப்பவன், கூடவே ஒரு நன்னடத்தைச் சான்றிதழையும் கொடுத்துவிடுகிறான். அப்படிக் கொடுக்க அவனுக்கு உரிமை உண்டா? இது உத்தி பற்றிய கேள்வியாகத் தோன்றலாம். எனக்கு இது தார்மீகக் கேள்வியாகவே படுகிறது.

இந்த வகை எழுத்தின் புகழ்பெற்ற உதாரணம் சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' (1951). ஹோல்டனுக்குப் பெரியவர்கள் போலிகள். வயலில் ஓடி விளையாடும் குழந்தைகள் விளிம்பைத் தாண்டி விழாமல் பிடித்து நிறுத்துவதுதான் அவன் விரும்பும் ஒரே உத்தியோகம். விளிம்புக்கு அப்பால் இருக்கும் பள்ளத்தின் பெயர் வயது. தான் பெரிய பொய்யன் என்று ஹோல்டனே சொல்லிவிடுகிறான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஞாபகத்தில் நிற்பது அந்த ஆசை மட்டும்தான். அவனுடைய 'நான்' அத்தனை வசீகரமானது. நம்மையும் உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறது.

ஆதவனின் 'என் பெயர் ராமசேஷன்' (1980) இதைவிடச் சாமர்த்தியமான 'நான்'. கல்லூரி மாணவனான ராமசேஷன், வீட்டிலும் நண்பர்களிடமும் பெண்களிடமும் தான் போடும் வேஷங்களைத் தானே உரித்துக் காட்டுகிறான். வாசகன் அவனைப் பற்றிச் சொல்லக்கூடியதையெல்லாம் அவனே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறான். ஒப்புக்கொள்வது இங்கே ஜாமீன் மாதிரி ஆகிவிடுகிறது. தன்னை அறிந்தவன் தனக்குப் பொறுப்பேற்றவனும் ஆகிவிட்டான் என்ற மயக்கம் ராமசேஷனுக்கு இருக்கிறது. ஆதவனுக்கு இல்லை என்பதால்தான் அந்த நாவலில் சிரிப்பும் சங்கடமும் சேர்ந்தே வருகின்றன.

இந்த இடத்தில்தான் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) வேறாக நிற்கிறது. செகந்திராபாத், லான்சர் பாரக்ஸ், ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரன். 1947க்கும் 1948க்கும் இடைப்பட்ட நிஜாம் ராஜ்யம். ரஜாக்கர்களைப் பற்றிய பயம், கிரிக்கெட், கல்லூரி, நண்பர்கள். நாவல் சில இடங்களில் 'நான்' என்று பேசுகிறது. சில இடங்களில் அதே பையனைச் 'சந்திரசேகரன்' என்று தூரத்தில் நிறுத்திப் பார்க்கிறது. இதைச் சோதனை முயற்சி என்றோ கவனக்குறைவு என்றோ சொல்லி நகர்ந்துவிடலாம். இரண்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த ஊசலாட்டமே நாவலின் பொருள்.

கடைசிக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் வந்துவிட்டது. இதுவரை பயந்தவர்கள் பயமுறுத்துகிறவர்களாக மாறும் நேரம். கலவரத்துக்கு நடுவே ஓடி, ஒரு முஸ்லிம் குடும்பம் ஒளிந்திருக்கும் வீட்டுக்குள் சந்திரசேகரன் போய்விடுகிறான். அங்கே ஒரு சின்னப் பெண், தன் வீட்டாரை விட்டுவிடச் சொல்லி, ஆடையைக் களைந்து அவன் முன்னால் நிற்கிறாள். அவன் அவளைத் தொடவில்லை. ஓடிவிடுகிறான்.

அவன் என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. 'நான் அப்படிப்பட்டவன் இல்லை' என்று அவளிடம் அவன் சொல்லியிருக்கலாம். அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் அந்த உண்மையால் அவளுக்கு ஒரு உபயோகமும் கிடையாது. அவள் கண்ணில் அவன் கிரிக்கெட் ஆடுகிற பையன் அல்ல; வெளியே இருக்கும் கும்பலின் ஒரு கை. தன்னை உள்ளிருந்து மட்டுமே அறிந்திருந்த ஒருவன், இன்னொருவரின் பயத்தில் தன் உருவத்தைப் பார்க்கிறான். 'நான்' உடைந்து 'அவன்' ஆகும் கணம் இது. பெரியவனாவது என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஜாய்ஸின் 'போர்ட்ரெய்ட்' (1916) இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. ஸ்டீபனை 'அவன்' என்றே சொல்லிவந்து, கடைசிப் பக்கங்களில் அவனுடைய நாட்குறிப்பில் 'நான்' பிறக்கிறது. வீடு, மதம், தேசம் ஆகியவற்றைக் கழற்றி எறிந்து பெற்ற 'நான்' அது. நமக்கு அந்த மாதிரி மிகவும் பிடித்துப் போய்விட்டது. 'தன்னைக் கண்டடைதல்' என்று நாம் எழுதித் தள்ளியதெல்லாம் அதன் நிழல்தான். சந்திரசேகரனுக்கு அந்த ஆடம்பரம் வாய்க்கவில்லை.

செய்யாத ஒன்றுக்கு ஒரு பையன் எப்படிப் பொறுப்பாவான் என்ற ஆட்சேபம் வரும். நியாயமான ஆட்சேபம். எல்லோரும் குற்றவாளிகள் என்று சொல்லிவிட்டால் கத்தியைப் பிடித்தவன் தப்பிவிடுவான். எனவே குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்றாக வேண்டும். குற்றத்துக்குச் செயல் வேண்டும். பொறுப்புக்கு, ஒருவர் நம்மைக் கண்டு பயந்தார் என்பதே போதும்.

பூமணியின் 'வெக்கை' (1982) இதை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. பதினைந்து வயது சிதம்பரம் செயலையே செய்தவன். அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டப் போய், ஆள் செத்துவிடுகிறான். ஆனால் காட்டிலும் மலையிலும் அய்யாவோடு ஒளிந்து திரியும் அந்த நாட்களில் அவன் பையனாகவே இருக்கிறான். பசி, தூக்கம், அம்மாவின் நினைவு. கொலையை அவனோடு சேர்ந்து அய்யாவும் சுமக்கிறார். அவனுடைய மொழியே உறவின் மொழி. பூமணி அவனை 'நான்' என்று பேசவிடாதது தற்செயல் அல்ல. கொன்றவன் பையனாகவே மிஞ்சுகிறான். ஒன்றும் செய்யாதவன் ஒரே இரவில் கிழடாகிவிடுகிறான். செயல் அல்ல, அதனோடு தனியே விடப்படுவதுதான் வயதைத் தீர்மானிக்கிறது.

சட்டத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை. 1875ஆம் வருஷத்துச் சட்டம் பதினெட்டு என்று வரம்பு கட்டிவிட்டது. நான் வேலை செய்யும் வங்கியில் மைனர் கணக்கு வைத்திருக்கும் பையன்கள், பதினெட்டு நிறைந்ததும் வந்து புதிதாக மாதிரிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல தடவை பார்த்திருக்கிறேன். பேனாவை எடுத்ததும் ஒரு தயக்கம். சிலர் அப்பாவின் கையெழுத்தையே சுழிக்கிறார்கள். ஒருவன் போட்டுவிட்டு, "இது நாந்தான்னு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டான். நாங்கள் ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றேன். வங்கிக்கு அந்தப் பதில் போதும்.

கூட்டேரிப்பட்டிலிருந்து விழுப்புரம் 30 கிலோமீட்டருக்கும் குறைவு. 1978 ஜூலையில் அங்கே தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்பு. அன்று அந்த ஊரில் பதினாறு வயதுப் பையன்கள் இருந்திருப்பார்கள். கொன்றவர்களைச் சொல்லவில்லை. வாசலில் நின்றவர்கள், சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தவர்கள், கூட்டம் ஓடியபோது காரணம் தெரியாமல் கூடவே நாலடி ஓடியவர்கள். இன்று அவர்களுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். அவர்களில் ஒருவர் எழுத உட்கார்ந்தால் எந்த இடத்திலிருந்து எழுதுவார்? 'நான் அப்போது சின்னப் பையன்' என்று ஆரம்பித்தால் கதை அந்த முதல் வரியிலேயே முடிந்துவிடும். அதன்பின் வருவது கலாபூர்வமான மன்னிப்பு மட்டுமே. ஓடிய அந்த நாலடியை யாரோ ஒரு பெண் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பாள் என்ற நினைப்போடு ஆரம்பித்தால்தான் அது நாவல்.

எனக்கும் பதினாறு வயது இருந்தது. அந்தப் பையனைப் பற்றி எழுத நான் சில முறை முயன்று, கிழித்துப் போட்டிருக்கிறேன். மொழி வராததல்ல காரணம். மொழி மிகச் சுலபமாக வந்தது. ஒவ்வொரு வாக்கியமும் அவனுக்காக வாதாடியது. 'அவன்' என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். உடனே அவன் யாரோ ஆகிவிட்டான், நான் தப்பித்துக்கொண்டேன். அசோகமித்திரன் இரண்டுக்கும் நடுவே ஏன் நின்றார் என்பது அப்போதுதான் விளங்கிற்று. 'நான்' என்று மட்டும் சொன்னால் விடுதலை. 'அவன்' என்று மட்டும் சொன்னால் தலைமறைவு. கையெழுத்துப் போட வேண்டிய இடம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.