ஏழும் எட்டும்

அபிராமபுரத்தில் வாழும் ஓர் இல்லத்தரசியை எண்ணிப் பார்ப்போம். ஐம்பது வயதைக் கடந்தவர். ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதவர். ஒரு நாள் மாலை, பல்பொருள் அங்காடியில் பாதாம் பருப்புப் பொட்டலம் ஒன்றைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பணம் செலுத்தாமல் வெளியேறுகிறார். பசியில்லை, வறுமையுமில்லை. ஏன் எடுத்தோம் என்பது அவருக்கே விளங்கவில்லை. புனித அகுஸ்தினாரும் தம் பதினாறாம் வயதில் தோழர்களோடு சேர்ந்து அயலாரின் மரத்திலிருந்து பேரிக்காய்களைத் திருடினார். பசிக்காகத் திருடவில்லை என்று பின்னாளில் மனம் வருந்தி எழுதினார். மனித மனத்தின் இந்த இருள் நமக்குப் புதிதன்று.

அந்த அம்மையார் எடுத்ததைக் கடையில் பணிபுரியும் இளம்பெண் ஒருத்தி கண்டுவிட்டாள். வழக்கு சைதாப்பேட்டை நீதிமன்றம் வரை வந்துவிட்டது. விசாரணைக்கு முந்தின நாள், நலம் நாடும் உறவினர் ஒருவர் சொல்கிறார்: "பணம் கட்டிவிட்டேன், ரசீது தொலைந்துபோய்விட்டது என்று சொல்லிவிடுங்கள் அக்கா. அந்தப் பெண் சொல்வதை யார் நம்பப் போகிறார்கள்?"

இந்த அறிவுரையை ஒரு கிறிஸ்தவர் ஏற்கலாமா? அல்லது, குற்றம் செய்தவர் நீதிமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டுமா?

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். இத்தகைய சிறு வழக்குகளில் நடுவர் குற்றச்சாட்டை விளக்கிச் சொல்லி, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா, அல்லது எதிர்வாதம் ஏதேனும் உண்டா?" என்று கேட்கிறார். ஒப்புக்கொள்ளாவிட்டால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுத்தவர்களைச் சார்ந்தது. தனக்கெதிராகத் தானே சாட்சியாகும்படி குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று நமது அரசியல் சட்டத்தின் 20-ஆம் உறுப்பு கூறுகிறது. காவலரிடம் அளித்த ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது என்ற விதி 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே உண்டு. இன்றைய சட்டமும் அதைக் காக்கிறது. அடிக்கும் மிரட்டலுக்கும் அஞ்சிக் குற்றமற்றவரும் "ஆம்" என்று சொல்லிவிடக் கூடும் அல்லவா? எளியவரைக் காக்கவே இந்தப் பாதுகாப்பு.

ஆகவே மௌனம் பாவமன்று. வழக்கறிஞரின் துணையை நாடுவதும், "மெய்ப்பியுங்கள்" என்று நிற்பதும் பொய்யாகா. புனித தோமா அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் இதனை ஆராய்கிறார். நீதிபதி சட்டமுறைப்படி கேட்கும்போது உண்மையைச் சொல்லக் கடமை உண்டு என்பது அவர் கருத்து. அந்தக் கடமை இல்லாத இடத்தில் உண்மையை வெளியிடாதிருக்கலாம். ஆனால் எந்நிலையிலும் பொய் சொல்லலாகாது என்கிறார். சொல்லாதிருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. நம் நாட்டுச் சட்டமே அந்தக் கடமையை விலக்கியிருப்பதால், அம்மையார் வாய் திறவாமல் நிற்கலாம்.

ரசீது தொலைந்த கதையோ முற்றிலும் வேறு. குற்றம் சாட்டப்பட்டவரை நடுவர் வினவும்போது சத்தியப்பிரமாணம் செய்விப்பதில்லை. அவர் தரும் பொய்யான விடைக்காகத் தண்டிப்பதுமில்லை. சட்டம் தண்டிக்காததால் மனச்சான்றும் மன்னித்துவிடுமா? அந்தப் பொய் காற்றில் கரைவதன்று. ஒரு மனிதர்மேல் போய் விழுகிறது. உள்ளதைச் சொன்ன அந்தக் கடைப் பெண் ஊரார் முன்னிலையில் பொய்யள் ஆகிறாள். அவளது வேலையும் பறிபோகலாம். பொட்டலத்தை எடுத்தபோது மீறியது ஏழாம் கட்டளையை. இப்போது மீறப்படுவது பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளை. முன்னதில் இழப்பு சில நூறு ரூபாய். பின்னதில் இழப்பு ஓர் ஏழைப் பெண்ணின் நற்பெயர். இரண்டில் எது பெரிய திருட்டு?

இன்னொன்றும் உண்டு. சாட்சியம் போதாமல் அம்மையார் விடுதலை ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு தீர்ந்ததா? இல்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமையை எந்தத் தீர்ப்பாலும் நீக்க இயலாது. 1992-ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைச் சொல்லும் இடத்தில் சக்கேயுவை நினைவூட்டுகிறது. அவர்மீது வழக்கு ஏதும் இல்லை. ஆயினும் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார்.

ஒப்புக்கொள்ளும் துணிவு வருமாயின், அதற்கும் இன்று வழி சற்று எளிதாகியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவின்படி, திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதன்முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குரிய தண்டனை சிறையன்று, சமுதாயப் பணியே. அப்பிரிவின்கீழ் வழக்கெனில், பொருளுக்கு உரியவர் மனமிசைந்து சமரசம் செய்துகொள்ளவும் இடமுண்டு. திருப்பிக் கொடுத்தல், பரிகாரம், மன்னிப்பு: ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் சிறு வயது முதல் பழகிய படிகள்தாமே இவை!

பின் ஏன் பொய் தேவைப்படுகிறது? சிறைக்கு அஞ்சி அன்று, நமக்கு அஞ்சியே. திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது நாம் என்ன பேசுவோம் என்று அஞ்சியே அவர் ரசீதுக் கதையைத் தேடுகிறார். உண்மையைச் சொல்லிவிட்டு வரும் சகோதரிக்கு, அடுத்த ஞாயிறு நம் பக்கத்தில் உட்கார இடம் கிடைக்குமா? அந்த இடத்தை நாம் கொடுக்க ஆயத்தமாக இருந்தால், அவர் அந்தப் பெண்ணின் நற்பெயரைப் பறிக்க வேண்டிய தேவை எழாது.